காக்கிச் சட்டைக்குள் இருக்கும் மனிதர்



போலீஸ்காரரை நாம் மதிக்கத்தான் வேண்டுமா என்று நகரிப் பக்கத்து அன்பர் சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. காக்கியைக் கண்டால் தெருவோரம் ஒதுங்கியவர்கள் நம் முன்னோர். புகார் சொல்லப் போனவரையே குற்றவாளியைப்போல் வாசலில் நிறுத்திய நாட்களை மறப்பது எளிதன்று. ஆயினும் அச்சம் வேறு, மதிப்பு வேறு. அச்சம் தடிக்குச் செலுத்துவது. மதிப்பு கடமைக்குச் செலுத்துவது.

நமக்கு அண்மையிலுள்ள புத்தூரையே எடுத்துக்கொள்வோம். 2013 அக்டோபர் 5ஆம் நாள், கொலை வழக்குகளில் தேடப்பட்டவர்கள் அங்கே ஒரு வீட்டில் மறைந்திருந்தனர். தமிழ்நாட்டுப் போலீஸாரும் ஆந்திரப் போலீஸாரும் அவ்வீட்டை வளைத்தனர். இன்ஸ்பெக்டர் லட்சுமணன் வெட்டுண்டு பலத்த காயமடைந்தார். அதன் பின்னும் அவர்கள் பல மணி நேரம் பொறுத்திருந்தனர். உள்ளிருந்த பெண்ணும் குழந்தைகளும் உயிருடன் வெளியே வந்தனர். தேடப்பட்ட இருவரும் உயிருடனே பிடிபட்டனர். தம் தோழர் இரத்தம் சிந்தக் கண்டும் கோபத்தை அடக்கினார்களே, அவ்வடக்கமே வணக்கத்திற்குரியது.

இதே சீமையில் வேறொன்றும் நடந்தது. 2013 டிசம்பரில் சேஷாசலக் காட்டில் வனத்துறை அதிகாரிகள் இருவர் செம்மரம் வெட்டுவோரால் கொல்லப்பட்டனர். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் அதே காட்டில் தமிழ்நாட்டுக் கூலியாட்கள் 20 பேர் சிறப்புப் படையின் துப்பாக்கிக்கு இரையாயினர். தற்காப்புக்காகவே சுட்டோம் என்றனர் படையினர். பிடித்துச் சென்று சுட்டனர் என்றனர் உறவினர். அக்கூலியாட்களுக்காகக் கண்ணீர் விடுவதும், நீதி கேட்பதும் போலீஸாரை அவமதிப்பது ஆகாது. புத்தூரில் பொறுமை காத்தவருக்கு உரிய மதிப்பு நிலைக்க வேண்டுமானால், தவறிழைப்பவர் எவராயினும் விசாரிக்கப்பட வேண்டும்.

அங்குலிமாலனைப் பிடிக்கக் கோசல மன்னர் பசேனதி 500 குதிரை வீரருடன் புறப்பட்ட கதையை அறிவீர்கள். வழியில் தம்மைக் காண வந்த மன்னரைப் பகவான் பழிக்கவில்லை. குடிகளைக் காப்பது அரசன் கடமை. அவனோ அதற்குள் சீவர ஆடை தரித்த பிக்குவாகியிருந்தான். பகவான் அவனைக் காட்டியபோது மன்னர் ஆயுதத்தை நாடவில்லை. பணிந்து, வேண்டிய பொருள்களைத் தருவதாகச் சொன்னார். பிடிக்க வந்த கை கும்பிடவும் அறிந்திருந்தது. காவலுக்கு அதுவே இலட்சணம்.

பகவான் இல்லறத்தானாகிய சிகாலனுக்கு உபதேசித்த போது, வேலை வாங்குவோர்க்கு ஐந்து கடமைகளை வகுத்தார். வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயில் பேணுதல், நல்ல உணவைப் பகிர்தல், காலத்தில் ஓய்வளித்தல் ஆகியவையே அவை. போலீஸ்காரருக்குச் சம்பளம் தருவது குடிகளாகிய நாம். ஆகவே இக்கடமைகள் நமக்கும் உரியவை. ஆலைச் சங்குக்கு ஓடிப் பிழைத்த நமக்கு வார விடுமுறையின் அருமை தெரியும். ஆந்திர அரசு 2019 ஜூனிலும், தமிழ்நாட்டு அரசு 2021இலும் போலீஸாருக்கு அதனை அறிவித்தன. அறிவிப்பு ஏட்டில் இருந்தால் போதாது. ஒவ்வொரு கான்ஸ்டபிளும் தம் பிள்ளையோடு ஒரு நாள் உட்கார்ந்து உண்ண வேண்டும். அதைக் கேட்க நமக்கும் வாயுண்டு.

புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்து செல்லும் கூட்டத்தை நகரிச் சாலையில் ஒழுங்குபடுத்தி வெயிலில் நிற்பவர், நம்மைப்போன்ற ஏழைக் குடும்பத்துப் பிள்ளையாகவே இருப்பார். அவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். லஞ்சம் கொடாதீர்கள், அது அவருடைய சீலத்தையும் நம் சீலத்தையும் கெடுக்கும். சாட்சி சொல்லும்போது பொய் உரையாதீர்கள். அவர் தவறினால் அஞ்சாமல் எழுத்தில் புகார் கொடுங்கள், வசைமொழி வேண்டாம்.

1959 அக்டோபர் 21ஆம் நாள் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையினரால் உயிரிழந்த போலீஸார் 10 பேரின் நினைவாக, ஆண்டுதோறும் அந்நாள் அனுசரிக்கப்படுகிறது. அன்று நம் இல்லங்களில் ஒரு விளக்கேற்றி, காவலில் மாண்டவர்க்கும் காட்டில் மாண்ட கூலியாட்களுக்கும் சேர்த்தே மைத்திரி தியானம் செய்வோமாக. அஞ்சாமல் மதிக்கவும், வெறுக்காமல் நீதி கேட்கவும் பழகுவோமாக.

நமோ புத்தாய.