யார் கையில் கொடுப்பது?



ராத்திரி கண்விழித்து ஒரு கவிதையை எழுதி முடித்துவிட்டு, விடிவதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். ஒரு முருகன் படம், ரோஜாப்பூ வைத்த ஒரு குட்மார்னிங், ரேஷனில் பாமாயில் வந்துவிட்டது என்று ஒரு தகவல், இவற்றுக்கு நடுவே அந்தக் கவிதை. பெரியப்பா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். சித்தி ரெண்டு கும்பிடு போடுகிறார். எட்டு மணிக்குள் கவிதை மேலே போய் மறைந்துவிடுகிறது. எழுதியவருக்கு முகம் வாடிப்போகிறது. கவிதை நன்றாகவே இருந்திருக்கலாம். பெரியப்பா மேலும் தப்பில்லை. அவர் அந்தக் குழுவைத் திறந்ததே யார் வீட்டில் என்ன விசேஷம் என்று பார்க்கத்தான்.

ஒரு படைப்பை எழுதுவதற்கு எடுத்துக்கொள்ளும் சிரத்தையில் பாதியைக்கூட, அதை யார் கையில் எப்படிக் கொடுப்பது என்பதற்கு நாம் எடுத்துக்கொள்வதில்லை. நம்மவர்களில் இதை யோசித்தவர்கள் இருந்தார்கள்.

1907-ல் பாரதியின் தேசியப் பாடல்கள் சிலவற்றைச் சிறு வெளியீடாக அச்சடித்து, 15,000 பிரதிகளை இலவசமாகக் கொடுக்கச் செய்தவர் வி.கிருஷ்ணசாமி ஐயர். மிதவாதி. பாரதிக்கு அரசியலில் எதிர்க்கட்சி. ஆனால் அந்தப் பாட்டு எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டார். கூட்டத்தில் நின்று பாடவேண்டிய பாட்டுக்குக் கெட்டி அட்டை எதற்கு? ஒருவர் படித்தால் பத்துப் பேர் வாயில் ஏறிவிடும். பின்னாளில், 1920-ல், தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாகப் போட பாரதியே திட்டமிட்டார். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிடச் சுலபமாக அவை விற்றுப் பரவும் என்று நம்பினார். உதவி கேட்டுக் கடிதங்கள் அனுப்பினார். நடக்கவில்லை. மறு வருடம் செப்டம்பரில் அவரும் போய்விட்டார்.

பாரதி பாட்டுக்குச் சரிவந்த வழி எல்லா எழுத்துக்கும் சரிவருமா? வராது என்று தெரிந்துகொண்டவர் சி.சு.செல்லப்பா. வத்தலக்குண்டுக்காரர். ‘வாடிவாசல்’ எழுதியவர் என்றால் பலருக்குச் சட்டென்று புரியும். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அன்றைக்கு ஜனரஞ்சகப் பத்திரிகைகள் ஆயிரக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தன. அவரே அந்த உலகத்தில் வேலை பார்த்தவர்தான், அதன் நெளிவுசுளிவு தெரியாதவர் இல்லை. ஆனால் அவர் கையில் இருந்த சரக்கு விமர்சனமும் புதுக்கவிதையும். எதுகை மோனை கேட்டுப் பழகிய காதுக்கு அது கவிதையாகவே படவில்லை. அதைக் கொண்டுபோய்த் தொடர்கதைக்கும் ஜோக்குக்கும் இடையில் வைத்தால் என்ன ஆகும்? எனவே கொஞ்சம் பேர், ஆனால் நின்று படிக்கிறவர்கள், அவர்கள் போதும் என்று முடிவு கட்டினார்.

அந்தக் கொஞ்சம் பேரைத் தேடி அவரேதான் நடந்தார். ‘எழுத்து பிரசுரம்’ என்ற பெயரில் தானே போட்ட புத்தகங்களைப் பையில் அடுக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார். வேட்டி கட்டிய ஒரு மனிதர், கனத்த பையோடு ஆசிரியர்கள் அறைக்குள் நுழைந்து, புத்தகங்களை மேஜைமேல் எடுத்து வைத்து, அவற்றைப் பற்றிப் பேசுகிறார். வாங்கியவர்களும் உண்டு, நேரமில்லை என்று அனுப்பியவர்களும் இருந்திருப்பார்கள்.

பலன் என்ன? எங்கோ வடக்கே வேலையில் இருந்த வெங்கட் சாமிநாதன் பத்திரிகையைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதினார். பிறகு பெரிய விமர்சகர் ஆனார். திருகோணமலையில் இருந்த ஓர் இளைஞர் 1960 முதல் அதில் எழுதினார். அவரைத்தான் கவிஞர் பிரமிள் என்கிறோம். எழுத்தாளர் சுந்தர ராமசாமி, பசுவய்யா என்ற பெயரில் கவிஞரானதும் அந்தப் பத்திரிகையில்தான். 1962-ல் 24 கவிஞர்களைச் சேர்த்து ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வந்தது. பத்திரிகை 1970 வரை நடந்தது.

செல்லப்பா பட்ட கஷ்டத்தைப் பூவும் பொட்டும் வைத்துக் கொண்டாட எனக்கு விருப்பமில்லை. ‘சுதந்திர தாகம்’ என்ற 3 பாக நாவலையும் எண்பது தாண்டிய வயதில் தானே அச்சிட்டார். சாகித்திய அகாதெமி விருது 2001-ல், அவர் இறந்த பிறகு வந்தது. அத்தனை பாரத்தை ஒரு மனிதர் தனியாகச் சுமந்திருக்க வேண்டியதில்லை.

இன்றைக்கு ஒரு வசதி இருக்கிறது. அச்சுக் கோத்த காலத்தில் ஆயிரம் பிரதியாவது போட்டால்தான் கட்டுப்படியாகும். மீந்த கட்டுகள் பரணில் ஏறிக் கரையானுக்குப் போகும். இப்போது ஐம்பது பிரதி மட்டும் அடித்துத் தருகிறார்கள். அதனால் அச்சகத்துக்குப் போகுமுன் ஒரு தாளில் ஐம்பது பெயர் எழுதிப் பாருங்கள். சொந்தம், உத்தியோகம் என்பதற்காக இல்லாமல், இதை உட்கார்ந்து படிப்பார் என்று உங்களுக்குத் தோன்றும் பெயர்கள் மட்டும். பன்னிரண்டில் பேனா நின்றுவிட்டால் அச்சகமே வேண்டாம். பன்னிரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்து, நேரில் போய்க் கொடுத்துவிட்டு வரலாம்.