யார் சுமப்பது?

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அப்பால் யாழ்ப்பாணத்துக்குப் பேருந்து. நடக்கவியலாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் இவ்வழியே வரவேண்டும், அன்றேல் பயிற்சி பெற்ற ஊழியர் அவளிடம் செல்லவேண்டும்.

வீட்டிலேயே, குடும்பத்தினர் ஒருவரே பயிற்றுநராகலாம் என்ற கருத்தை உலக சுகாதார நிறுவனத்தின் 1989ஆம் ஆண்டுக் கைந்நூல் பரப்பிற்று. அதன் ஆசிரியர்களுள் ஒருவர் இலங்கை இயன்மருத்துவர் பத்மானி மென்டிஸ் என்பது நமக்குப் பெருமையே. எனினும், தாய்க்குப் பயிற்றுநர் என்று பெயர் சூட்டிவிட்டு அரசு தன் கடமையிலிருந்து நழுவலாமா? அன்றாடக் கஞ்சிக்கே வழிதேடுபவளிடம் பயிற்சி அட்டவணையொன்றை நீட்டினால், அதைச் செய்ய முடியாத நாளில் குற்றவாளிபோற் கூசி நிற்பவளும் அவளல்லவா? தாயன்பைப் போற்றுவதற்குச் செலவில்லை. அவளுக்கு ஓரிரவு உறக்கம் கிடைக்கச் செய்வதற்குத்தான் ஆளும் பணமும் வேண்டும்.

ஆகவே, ஊழியருக்குத் தசை நரம்புப் பாடங்களுக்கு முன்னரே கேட்கக் கற்பிப்போம். அவ்வீட்டில் தூக்குபவர் யார்? கழுவுபவர் யார்? உதவிக்கென்று அக்காளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியாயிற்றா? மாலைப் படகில் ஊழியர் திரும்பிவிடுவார். இரவு முழுவதும் தாயின் பொறுப்பு. இயலாமையுள்ளோரின் உரிமைகளுக்கென 1996இலேயே 28ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்ட நாடு இது. கேட்டறிந்தவற்றைப் பிரதேச செயலகத்தில் எழுத்து மூலம் கோரிக்கையாக வைத்து, பதில் வரும்வரை தொடர்வதும் அப்பயிற்சியில் அடங்கவேண்டும்.