நாலாயிரம் ரூபாய் மௌனம்

ஒருவர் தன் பொருளின் மதிப்புத் தெரியாமல் குறைச்சலாக விலை சொல்கிறார். வாங்க வந்திருக்கும் உங்களுக்கு அதன் மதிப்பு தெரியும். சொல்வீர்களா, வாயை மூடிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுப்பீர்களா?

'சொல்வேன்' என்று சட்டென்று பதில் வந்தால் கொஞ்சம் பொறுங்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், போன வருஷம் தம்மம்பட்டிக்குப் போகும்வரை.

சேலம் மாவட்டத்தில், ஆத்தூர் பக்கம் இருக்கும் தம்மம்பட்டி மரச்சிற்பங்களுக்குப் பேர்போன ஊர். புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. நான் போனது சிலை வாங்க அல்ல. காலேஜில் படிக்கும் என் அக்கா மகனுக்கு ஒரு பழைய எலெக்ட்ரிக் கிடார் பார்க்க. விற்பவர் வயதான சிற்பி. சென்னையில் வேலை பார்த்தபோது அவர் மகன் வாங்கிய கிடார். மகன் இப்போது துபாயில். 'வித்துடுங்கப்பா' என்று சொல்லிவிட்டாராம்.

மருமகன் கிடாரைக் கையில் எடுத்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து வளைந்திருக்கிறதா என்று நீளவாக்கில் பார்த்தான். முதல் மூன்று ஃப்ரெட்கள் தேய்ந்திருந்தன. கையோடு கொண்டுவந்த சின்ன ஆம்ப்ளிஃபயரில் சொருகி வால்யூம் குமிழைத் திருகினால் கரகரவென்றது. எல்லாம் சில்லறை ரிப்பேர். தலைப்பகுதியில் ஃபெண்டர் என்ற பெயரோடு இருந்த நம்பரைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. 'எம்.என்.9' என்று ஆரம்பித்தால் 1999-ல் மெக்ஸிகோ தொழிற்சாலையில் செய்ததாம். அமெரிக்காவில் செய்வதைவிட விலை குறைவு. அதே கம்பெனியின் மலிவு ரகமான ஸ்கொயரைவிட அதிகம். நடுத்தர ரகம்.

"எவ்வளவு அடிபட்டிருந்தாலும் முப்பதாயிரம் போகும் மாமா" என்று காதில் கிசுகிசுத்தான். அவன் பையில் இருந்தது எட்டாயிரம்.

பெரியவர் தன் கணக்கில் விலை போட்டார். "கழுத்துல ஈட்டி மரம் ஒட்டியிருக்காங்க. உடம்பு பெயின்ட்ல மறைஞ்சு போச்சு, என்ன மரம்னு தெரியல. மரத்துக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு... ஒரு நாலாயிரம் குடுங்க தம்பி."

தன் சிலைகளுக்கும் அவர் அப்படித்தான் விலை போடுவார் போலிருக்கிறது. பெயருக்கும் ஒரு விலை உண்டு என்பது அந்தக் கணக்கில் இல்லை.

மருமகன் என் கையை அழுத்திப் பிடித்தான். பேசாதே என்று அர்த்தம்.

நான் பி.காம். படித்தவன். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு ஞாபகத்துக்கு வந்தது. வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது அது. உதாரணமும் தருகிறது. இரண்டு வியாபாரிகள். விலை மாறிய சேதி ஒருவருக்கு மட்டும் தெரியும். அதை மற்றவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

நியாயம்தானே? மருமகன் மாசக்கணக்கில் தேடித் தெரிந்துகொண்டதெல்லாம் அவன் போட்ட முதல். அதற்கு லாபம் வரக்கூடாதா? இல்லையென்றால் பழைய புத்தகக் கடையில் இருபது ரூபாய்க்கு அரிய புத்தகம் எடுத்தவர்கள் எல்லோருமே திருடர்கள் ஆகிவிடுவார்கள்.

மனசைத் தேற்றிக்கொண்டேன். அப்போது பெரியவர் கேட்டார்: "இந்தச் சாமானைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நியாயமான விலைதானுங்களே?"

போச்சு.

அதே 17-வது பிரிவில் இன்னோர் உதாரணம் இருக்கிறது. குதிரை வாங்க வந்தவர் சொல்கிறார்: 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்வேன்.' விற்பவர் பேசாமல் நிற்கிறார். அங்கே மௌனமே பேச்சுதான் என்கிறது சட்டம். பழைய புத்தகக்காரர் நம்மிடம் கேட்டு விலை போடுவதில்லை. விலை சொல்வது அவர் தொழில். இந்தப் பெரியவரோ நம்பிக் கேட்டுவிட்டார். இனி நான் தலையாட்டினாலும் பொய், சும்மா நின்றாலும் பொய்.

விற்பவருக்குத்தான் தர்மம் என்று நாம் நினைக்கிறோம். கொள்ளும்போது மிகையாகக் கொள்ளாத, கொடுக்கும்போது குறைவாகக் கொடுக்காத வணிகர்களைப் பட்டினப்பாலை புகழ்கிறது. வாங்குகிற கைக்கும் ஓர் அளவு உண்டு என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

சொல்லிவிட்டேன். பெரியவர் கொஞ்ச நேரம் கிடாரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இருக்கட்டுமுங்க. பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றார். மகன் சொன்ன விலை இருபத்தைந்தாயிரம்.

திரும்பி வரும்போது ஆத்தூர் வரை மருமகன் பேசவில்லை. பஸ் மாறும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "நீங்க எனக்கு மாமாவா, அவருக்கு மாமாவா?"

அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. உண்மையைச் சொன்ன நல்ல பேர் எனக்கு. கிடார் போனது அவனுக்கு. அவன் இப்போதும் நண்பனிடம் இரவல் வாங்கித்தான் வாசிக்கிறான்.

அதனால், அவன் எவ்வளவு சேர்க்கிறானோ அதே அளவு நானும் போடுவதாகச் சொல்லியிருக்கிறேன். யோக்கியனாக இருக்கலாம் சார். அடுத்தவன் செலவில் இருக்கக் கூடாது.