பவளம் வெளுத்தால் பொறுப்பு யாருக்கு?

சோழபுரத்தில் வாழும் நமக்குக் கடல் தொலைவு. எனினும் நம் மேற்குமலைச் சரிவில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி, வைப்பாற்றில் சேர்ந்து, மன்னார் வளைகுடாவிலேயே கலக்கின்றது. அவ்வளைகுடாவின் பவளப்பாறைகளுக்கு நேர்ந்த துன்பத்தில் நமக்கும் பங்குண்டா? இதுவே நம் கேள்வி.

திருக்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயத்தில் முத்தோடு சேர்த்துப் பவளமும், 'மர்ஜான்' என்னும் பெயரால், இறைவனின் அருட்கொடையாகச் சொல்லப்படுகின்றது. நாம் மாலையில் கோக்கும் செம்பவளம் ஓரினம். பாறை எழுப்பும் பவளம் வேறினம். சிற்றுயிர்கள் சுண்ணாம்பைச் சுரந்து தலைமுறை தலைமுறையாகக் கட்டிய மாளிகை அது. அலையின் வேகத்தைத் தணிப்பதும், மீன்குஞ்சுகளை வளர்ப்பதும் அதுவே. அவ்வுயிரின் உடலுக்குள் நுண்பாசி குடியிருக்கின்றது. குடியிருக்க இடம் தந்த பவளத்துக்குப் பாசி வெயிலைக் கொண்டு உணவாக்கி ஊட்டுகின்றது. கடல்நீர் வழக்கமான கோடை வெப்பத்தினும் ஓரிரு பாகை மிகுந்து, சில வாரங்கள் நீடித்தால் இவ்வுறவு முறிகின்றது. பாசி நீங்க, பவளம் வெளுக்கின்றது.

வெளுத்தது செத்ததன்று, பட்டினி கிடப்பது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி மீளும், தணியாவிடில் மரணமே. மன்னார் வளைகுடா 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரும் வெளுப்பைக் கண்டது. 2016இல் கிளைவிட்டு வளரும் பவளங்கள் மிகுதியாக மடிந்தன. உருண்டு திரண்டவை பல பிழைத்தன. உலகளாவிய நான்காம் வெளுப்பு நிகழ்வதாக 2024 ஏப்ரலில் அறிவியலார் அறிவித்தனர்.

முன்பு குற்றவாளியைச் சுட்டுவது எளிது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டினார்கள். அங்குள்ள 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் கடலுள் அமிழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1986இல் தேசியக் கடற்பூங்கா அமைந்தது. 2001இல் பவளங்கள் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. வெட்டிய கையைச் சட்டம் தடுத்தது. வெப்பத்தைக் கூட்டிய கை எது? மனிதர் எரித்த புகையால் மிகுந்த வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்களவு கடலுக்குள் சென்றுள்ளது. அதில் ஒருவர் பங்கு அணுவளவே. "என் விளக்கை அணைத்தால் கடல் குளிருமா?" என்று கேட்பவரின் கணக்கில் பிழையில்லை, நீதியில்தான் பிழை.

'பர்ளு கிஃபாயா' என்னும் கடமையை நாம் அறிவோம். ஊரில் ஒரு ஜனாஸாவைச் சிலர் முன்வந்து அடக்கினால் அனைவரின் கடமையும் நிறைவேறும்; ஒருவரும் வராவிடில் ஊர் முழுவதும் குற்றத்துக்குள்ளாகும். ஊரார் பலர் என்பதால் அக்குற்றம் எவருக்கும் குறைவதில்லை. கடலின் வெப்பத்தைத் தணிக்கச் சிலர் மட்டும் முயன்றால் போதாது. ஆயினும் இப்பாடம் இங்கும் பொருந்தும். மிகுதியாக எரித்த நாடுகளின் பொறுப்பு மிகுதிதான். அதனால் நம் பங்கு இல்லையென்று ஆகிவிடாது.

கழிவும் வண்டலும் குறைந்த நீரில் வெளுத்த பவளம் தேறும் வாய்ப்பு அதிகம். ஆகவே நம் ஓடையில் எதைக் கொட்டுகின்றோம் என்பதும், வீட்டில் எதை வீணே எரிக்கின்றோம் என்பதும் கடலைச் சேர்ந்த செய்திகளே. வெளுத்த பவளத்துக்கு இன்னும் சில வாரங்கள் உயிர் உண்டு. அந்த அவகாசம் அதற்கு மட்டும் தரப்பட்டதன்று, நமக்கும் தரப்பட்டதே.