நலமா எனக் கேட்பது

மாணவப் பருவத்தில் ஒரே வகுப்பில் அமர்ந்தவர்கள், தலை நரைத்தபின் ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்ளும் செய்திகளில் எதைச் சொல்ல வேண்டும்? எதைச் சொல்லாமல் விடலாம்? சிறிய வினாவாகத் தோன்றினும், நம் வாழ்வை எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்னும் பெரிய வினா இதனுள் அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவின் ஹார்வர்டு கல்லூரியில் நெடுங்கால வழக்கம் ஒன்று உண்டு. ஒரே ஆண்டு வகுப்பினர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தத்தம் செய்திகளை எழுதியனுப்புவர். அவை தொகுக்கப்பெற்று நூலாக வெளிவரும். முகவரி, தொழில், குடும்பம், பெற்ற விருதுகள் எனக் குறிப்புகள் அமையும். ஆண்டுகள் செல்லச் செல்ல மறைந்தோர் பட்டியலும் நீளும்.

1962ஆம் ஆண்டு வகுப்பினரின் 50ஆம் ஆண்டு நூல் 2012இல் வெளிவந்தது. அதில் தியோடர் கசின்ஸ்கியின் குறிப்பும் இடம்பெற்றிருந்தது. கணிதத்தில் பேரறிவு பெற்றிருந்தும், 1978 முதல் 1995 வரை வெடிகுண்டுகளால் மூவரைக் கொன்று 23 பேரைக் காயப்படுத்தியவர் அவர். தம் தொழில் 'கைதி' என்றும், பெற்ற விருதுகள் எட்டு ஆயுள் தண்டனைகள் என்றும் அவர் எழுதியிருந்தார். அதனை வெளியிட்டமைக்காக முன்னாள் மாணவர் சங்கம் பின்னர் வருத்தம் தெரிவித்தது. 2023இல் அவர் சிறைக்காவலில் இறந்தார்.

அவர் எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. ஆயினும் அதைப் படிப்பவர் உள்ளம் ஏன் நடுங்குகிறது? மாண்ட மூவர் அக்குறிப்பில் இல்லை. தகவல் மெய்யாக இருக்க, மனிதர்கள் அதில் விடுபட்டுப்போயினர். அடுத்தவருக்கு இடமளிக்காத தன்வரலாறு, எழுத்துக்கு எழுத்து உண்மையாயினும் முழு உண்மை ஆகாது.

நாம் கொலைபுரிந்தவர்கள் அல்லர். ஆனால் தொழிலும் விருதும் என்ற அதே அளவுகோலைத்தானே நாமும் கையில் வைத்திருக்கிறோம்? பழைய மாணவர் கூடும்போது, ஓய்வுபெற்ற பதவி, மகன் வாழும் நாடு, கட்டிய வீடு என்றே பேச்சு செல்கிறது. வணிகத்தில் நொடித்தவர், மகன் குடியில் அழிவதைக் கண்ணுற்றவர், மனைவியை இழந்து தனித்திருப்பவர் ஆகியோர் அக்கூட்டத்திற்கு வருவதில்லை. வந்தாலும் வாய் திறப்பதில்லை.

இதனால் நற்செய்தியைச் சொல்வது தவறாகுமா? ஆகாது. நண்பன் மகிழ்வான் என்று நம்பிச் சொல்வதும் நட்பே. அவ்வாறே, காயங்களை எல்லார் முன்னும் திறந்து காட்டும் கடமையும் எவருக்கும் இல்லை. மௌனம் துன்புற்றவரின் உரிமை. அங்ஙனமாயின் கடமை யாருடையது? கேட்க வேண்டியவருடையது என்றே கருதுகிறேன்.

இதனை நான் கற்றது ஓர் இழப்பினால். புகுமுக வகுப்பில் என்னருகே அமர்ந்த நண்பர் ஒருவர், எப்போது கேட்டாலும் 'நலம்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார். நானும் அதோடு விட்டுவிடுவேன். ஒருநாள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவர் மறைந்த செய்தி வந்தது. கூப்பிய கைகள் வரிசை வரிசையாய்த் தோன்றின. அவற்றுள் என் கைகளும் இருந்தன. மூன்றாண்டுகளாய் அவர் டயாலிசிஸ் செய்துவந்தார் என்பதை அடக்கத்தன்றுதான் அவர் துணைவியார் சொல்ல அறிந்தேன். இறந்தபின் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தேன், அவர் இருந்தபோதோ ஒருமுறை நேரில் சென்று, "உண்மையாகவே நலமா?" என்று கேட்டேனில்லை.

அதே ஹார்வர்டில் 1938இல் தொடங்கிய ஆய்வொன்று, 268 மாணவர்களை அவர்களது முதுமை வரை பின்தொடர்ந்தது. நட்பிலும் உறவிலும் ஐம்பது வயதில் நிறைவு கண்டவரே எண்பது வயதில் நலமாயிருந்தனர் என அது கண்டது. 'நள்ளிரவில் நோயோ அச்சமோ வந்தால் யாரை அழைப்பீர்?' என்றும் ஆய்வாளர்கள் வினவினர். சிலர் பல பெயர்களை எழுதினர். ஒரு பெயரும் எழுத இயலாதவர்களும் இருந்தனர். விருதுகளைக் கேட்கும் படிவத்தைவிட இவ்வொரு வினா மனிதனை எவ்வளவு ஆழமாய்த் தொடுகிறது!

வள்ளுவர் நட்பைப் பாடியதோடு அமையாது, 'பழைமை' எனத் தனி அதிகாரமே வகுத்தார். நெடுநாள் பழகியவர்க்கு நம்மிடம் ஓர் உரிமை உண்டு என்பது அதன் சாரம். அவ்வுரிமை இருபுறமும் செல்வது. கதவைத் தட்டும் உரிமை எனக்கு உண்டெனில், தட்டாமல் கடந்துபோனது மரியாதை ஆகுமா?

அன்பர்களே, உங்கள் வகுப்பிலும் நெடுநாளாய்ச் செய்தி வராத பெயர் ஒன்று இருக்கும். அவர் எழுதட்டும் என்று காத்திராதீர்கள். உங்கள் செய்தியைச் சொல்வதற்கு முன் அவர் செய்தியைக் கேளுங்கள். 'நலம்' என்று அவர் சொன்ன பின்னும் சற்று நேரம் அமர்ந்திருங்கள்.