எத்தனை கட்சிகள்?

ஜனநாயக நாடொன்றில் பெரிய கட்சிகள் எத்தனை இருத்தல் தகும் என்ற வினாவை அரசியல் சாஸ்திரிகள் தேர்தல் முறையோடு பிணைத்தே ஆராய்வது வழக்கம். தொகுதியில் அதிக வாக்குப் பெற்றவரே வென்றவராகும் ஏற்பாடு இரண்டு கட்சிகளையும், விகிதாசாரப் பிரதிநிதித்துவம் பல கட்சிகளையும் வளர்க்கும் இயல்புடையவை என்று பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவெர்ஜே 1951-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆயினும் எது விளையும் என்பது வேறு, எது தகும் என்பது வேறு. பின்னதற்கு விடை காண்பதாயின் மனித அறிவின் எல்லையை முதலில் சிந்தித்தாக வேண்டும்.

வஸ்துவின் தன்மை பல முகங்களை உடையதாகையால் எந்தக் கூற்றும் ஒரு நோக்கிலேயே மெய்யாகும் என்பது சமணரின் அநேகாந்தவாதம். இதனை ஒப்புக்கொண்டால், ஒரே கட்சியின் ஆட்சி, எத்துணை உத்தமர்களால் நடத்தப்பெறினும், தன் பிழையை எடுத்துரைக்கும் வாயைத் தானே அடைத்துவிடுவதால், தத்துவத்திலேயே வழுவுடையதாகும். ஆகவே இரண்டுக்குக் குறையலாகாது என்பது தர்மத்தின் விதி. ஆனால் நோக்குகளுக்குக் கணக்கில்லையே. நோக்குக்கொரு கட்சி வேண்டுமென்றும் ஒருவர் வாதிக்கலாமன்றோ?

அவ்வாதத்துக்கு ஜெர்மானிய சரித்திரத்தில் ஒரு சோதனை உண்டு. வாக்குகளின் விகிதப்படியே இடங்களைப் பகிர்ந்த வைமர் குடியரசில், 1919 முதல் ஹிட்லர் பதவியேற்ற 1933 வரை, 12 பேர் அரசாங்கத் தலைமையேற்று விலகினர். ஐந்து கட்சிகள் கூடி நடத்திய ஹெர்மன் முல்லரின் மந்திரிசபை, வேலையற்றோர் காப்பு நிதிக்குரிய சந்தாவைப் பற்றிய பிணக்கினால் 1930 மார்ச்சில் வீழ்ந்தது. 1932 ஜூலைத் தேர்தலிலோ 608 இடங்களில் 319 இடங்கள் நாஜிகளுக்கும் கம்யூனிஸ்டுகளுக்குமாகச் சென்றமையால், எந்த மந்திரிசபையையும் கவிழ்க்கும் பலம் சபைக்கு இருந்ததேயன்றி, ஒன்றை நிறுவும் பலம் இருக்கவில்லை. மறு ஆண்டு ஜூலை 14-ஆம் நாள், நாஜிக் கட்சியையன்றி வேறு கட்சி கூடாதென்று சட்டமே பிறந்துவிட்டது. இதைக் கட்சிப் பெருக்கத்தின் குற்றம் என்பார் பலர். எனினும் அக்குடியரசை மாய்த்த கட்சி, தான் ஒரு பகுதியென்று ஒப்பாது தானே தேசம் என்று கருதிய கட்சியாகும்.

1949-இல் பான் நகரில் மேற்கு ஜெர்மனியின் அரசியலமைப்பாகிய அடிப்படைச் சட்டத்தை வகுத்தவர்கள் இந்த அனுபவத்தைக் கண்முன் வைத்துக்கொண்டும், கட்சிகளுக்குத் தொகை வரையறுக்கவில்லை. அரசாங்கத் தலைவராகிய சான்ஸலர் பதவிக்கு அடுத்தவரைப் பெரும்பான்மையோர் தேர்ந்தாலன்றி, இருப்பவரின் மேல் நம்பிக்கையில்லையென்று சபை அவரை நீக்கலாகாது என்று 67-ஆம் பிரிவில் விதித்தார்கள். நூற்றுக்கு ஐந்து வாக்குப் பெறாத கட்சிக்குப் பொதுவாக இடமில்லை என்ற தேர்தல் சட்டம் சிறு கட்சிகளை வடிகட்டியது உண்மையே. ஆயினும் அது எண்ணைச் சுருக்கும் உபாயம் மாத்திரமே. இடிப்பவன் கட்டவும் கடமைப்பட்டவன் என்னும் அறத்தைச் சட்டமாக்கிய பெருமை 67-ஆம் பிரிவினுடையது.

ஆகையால், இரண்டுக்கு மேல், ஆளும் பாரத்தைப் பிறரோடு பகிர்ந்து சுமக்க இசையும் கட்சிகள் எத்தனையோ அத்தனையும் இருக்கலாம். இசையாதவை இரண்டே ஆயினும், அவை மிகை.