எல்லையின்மை எங்கே இருக்கிறது?

கருந்துளையின் நடுவில் பொருளின் அடர்த்தி எல்லையற்றதாகிறது, பௌதிக விதிகள் அங்கே செல்லா என்று படித்தவுடன், "பார்த்தீர்களா, விஞ்ஞானம் தோற்ற இடத்தில் அல்லாஹ்வின் ஆட்சி தொடங்குகிறது!" என்று மகிழ்வோர் நம்மில் உண்டு. அந்த மகிழ்ச்சி முறையானதுதானா?

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், 1930-ல் தமது 19-ஆம் வயதில் இங்கிலாந்து செல்லும் கப்பலில் ஒரு கணக்குப் போட்டார். எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் எடை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால், அது வெண்குறு மீனாக நிலைக்காது, மேலும் சுருங்கும். 1935-ல் எடிங்டன் இதைச் சபையிலேயே எள்ளி நகையாடினார். நோபல் பரிசு கிடைத்ததோ 1983-ல்! இதற்கிடையில் கல்கத்தாவின் ராய்சவுத்ரி 1955-ல் ஒரு சமன்பாட்டைத் தந்தார். 1965-ல் பென்ரோஸ், ஐன்ஸ்டீனின் விதிப்படியே அச்சுருக்கத்தின் முடிவில் அவ்விதி முறிந்தாக வேண்டும் என்று நிரூபித்தார்.

முறிவது எது? எடையைக் கனஅளவால் வகுத்தால் அடர்த்தி. கனஅளவு பூஜ்ஜியமானால் விடை எல்லையின்மை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஷர் கேஜின் முள் கடைசிக் கோட்டில் முட்டி நின்றால், அழுத்தம் எல்லையற்றது என்று எந்தத் தொழிலாளியும் சொல்லமாட்டார். கேஜ் போதவில்லை என்பார். ஈர்ப்பு விதியையும் குவாண்டம் விதியையும் இணைக்கும் கணக்கு இன்னும் கைகூடவில்லை, அவ்வளவே.

நாளை ஓர் இளைஞர் அதைக் கண்டுபிடித்துவிட்டால், அந்த இடைவெளியில் ஈமானை நிறுத்தி வைத்த நம் பிள்ளைகள் எங்கே போவார்கள்? பால்வெளியின் நடுவிலுள்ள கருந்துளையின் எடை சுமார் 40 லட்சம் சூரியன்கள் என்று அளந்தாகிவிட்டது. படைப்பு ஒவ்வொன்றும் அளவோடுதான் என்று நம்பும் நாம், படைத்தவனுக்குரிய சொல்லை அதற்கு ஏன் அவசரமாகச் சூட்ட வேண்டும்?